பத்துச் சீட்டும் நான்கு கோடியும்

2010 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் பதினைந்து பேர் மிஞ்சியிருந்தபோது ஜோனதன் டுஹாமெலும் மேட் அஃப்லெக்கும் மோதிய ஆட்டத்தைப் பலரும் ரிவர் எனப்படும் கடைசிப் பொதுச் சீட்டை வைத்தே எடைபோடுகிறார்கள். அதை மூடிவைத்துவிட்டுப் பார்ப்பதே முறை.

டுஹாமெல் கையில் ஜாக் ஜோடி. அஃப்லெக் கையில் ஏஸ் ஜோடி. 5.5 லட்சம் சிப்ஸ் என்று டுஹாமெல் தொடங்க, அஃப்லெக் 15.5 லட்சமாக்கினார், டுஹாமெல் அதை 39.25 லட்சமாக்க, அஃப்லெக் மேலும் உயர்த்தாமல் கால் மட்டும் செய்தார். நடுவே சுமார் 85 லட்சம். அஃப்லெக்கிடம் மீதி அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. இப்படிப் பெருத்த பணயத்தொகையில் இரண்டு பந்தயங்களுக்குத்தான் இடமுண்டு. இரண்டாவதைப் பற்றி முதலாவதன்போதே முடிவெடுத்திருக்க வேண்டும்.

ஃப்ளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகள், 10, 9, 7. டுஹாமெல் செக், அஃப்லெக் 50 லட்சம், டுஹாமெல் கால். டர்ன், அதாவது நான்காவது சீட்டு, ராணி. மறுபடி செக்; அஃப்லெக் 1.16 கோடியோடு ஆல்-இன், டுஹாமெல் கால்.

அஃப்லெக்கின் திட்டத்தில் ஓர் ஆபத்து இருந்தது: ஏஸைப் பதுக்கியதால் ஃப்ளாப்பை மலிவாகக் காட்டினார். ஆனால் அளவில் பிழையில்லை. டர்னில் கால் செய்பவருக்கு 28 விழுக்காடு வெற்றி வாய்ப்பு தேவை. ஜாக் ஜோடிக்கு உதவும் சீட்டுகள் நான்கு 8, நான்கு ராஜா, இரண்டு ஜாக்: 44-இல் 10, அதாவது 23 விழுக்காடு.

டுஹாமெல் ஏஸைப் பார்க்கவில்லை என்பது நியாயமான வாதம். அஃப்லெக் ஏஸ்-ராஜாவோடும் ஆல்-இன் போடுபவரானால், அங்கே பெரும்பாலும் வெல்வது ஜாக்தான். பன்னிரண்டு, பதின்மூன்று முறையில் ஒருமுறை அப்படி அமைந்தாலே சிப்ஸ் கணக்கு சரியாகிவிடும். எனவே 'முட்டாள் கால்' என்ற வசை பொருந்தாது. ஆனால் எதிர்க்கையில் ராணி ஜோடி இருந்தால் உதவும் சீட்டு பத்திலிருந்து எட்டாகவும், ராஜா ஜோடி இருந்தால் ஆறாகவும் குறையும். தவிர, போட்டி ஆட்டத்தில் இழக்கும் சிப்ஸ் வெல்லும் சிப்ஸைவிட விலை கூடியது. கணக்கு சரியானால் மட்டும் போதாது.

உண்மையான குறை அதற்கும் முந்தியது. முழுப் பணயத்துக்கும் துணிந்திருந்தால் ஃப்ளாப்பிலேயே டுஹாமெல் ஆல்-இன் போட்டிருக்கலாம், ஏஸ்-ராஜா மடிந்திருக்கும். கடுமையாக உயர்த்தித் தொடங்கியவர், பின்னிரு சுற்றுகளிலும் எதிராளி கேட்ட விலையைக் கொடுத்துக்கொண்டே போனார். தொடக்கமும் தொடர்ச்சியும் ஒரே சிந்தனையில் பிறந்தவையல்ல.

ரிவரில் 8 விழுந்தது. சுமார் 4.18 கோடி சிப்ஸ் டுஹாமெலிடம் போயிற்று. பின்னர் அந்தப் போட்டியின் பட்டத்தை வென்ற முதல் கனடியரும் அவரே. அஃப்லெக் பதினைந்தாமிடத்தோடு வெளியேறினார். டர்ன் வரையிலான ஆட்டத்துக்கு மதிப்பெண் இடச் சொன்னால், அஃப்லெக்குக்கே கூடுதலாக இடுவேன்.