'வெறும்' என்னும் தீர்ப்பு

புதுக்கோட்டைக்கு அருகே, சித்தன்னவாசல் குன்றிலே, அறிவர் கோயில் எனும் சமணக் குடைவரை. அண்மையில் மாணவர்களோடு சென்றிருந்தேன். உடன் வந்த ஆசிரிய நண்பர், தூணில் ஆடும் நங்கையைக் கண்டார், "இது கலை!" என்றார். உள்ளறை விதானத்தில், துணி விரித்தாற்போல் தீட்டிய கோலத்தைக் கண்டு, நெசவாளி மகன் ஒருவன் மகிழ்ந்தான்: "என் அப்பா நெய்யும் சேலைக்கரை போலவே இருக்கிறது, ஐயா!" நண்பர் சொன்னார்: "அது வெறும் அலங்காரம், தம்பி." பையனின் முகம் வாடிற்று.

கலைக்கு மாலை, அலங்காரத்துக்கு 'வெறும்' என்ற பட்டம்! யார் எழுதிய தீர்ப்பு இது?

அலங்காரத்தை ஐயுறுவது தவறன்று. பொய்யை மூடப் பொன்முலாம் பூசுவதை நாமும் எதிர்ப்பவர்கள்தாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வியன்னாக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ், அலங்காரத்தைக் குற்றத்தோடு இணைத்தே பேசினார். தேவையற்ற சித்திர வேலையால் தொழிலாளியின் உழைப்பு வீணாகிறது என்றார். நம் மேடைப் பேச்சுப் போலில்லையா? ஆனால் அதே வாதத்தில், உடலிலே பச்சை குத்தும் பாப்புவா மக்களை நாகரிகப் படியின் அடியிலே நிறுத்தினார். படி! அச்சொல்லைக் கேட்டதும் நாம் விழித்துக்கொள்ள வேண்டாமா? ஓவியன் மேற்படியில், நெசவாளியும் குயவனும் கோலமிடும் பெண்ணும் கீழ்ப்படியில். கருத்தால் உழைப்பவன் உயர்ந்தவன், கரத்தால் உழைப்பவன் தாழ்ந்தவன் என்ற பழைய கதையே, கலையின் பெயரால் மறுபிறவி எடுக்கிறது!

அர்த்தமண்டப விதானத்தைப் பாருங்கள். தாமரைத் தடாகம், இலை, மொட்டு, மலர், மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மாந்தர். சமணர்க்கு அது சமவசரணத்துத் தடாகம் என்பர் அறிஞர். அந்நம்பிக்கை நமக்கில்லை, எனினும் கண் களிக்கிறது. ஏன்? இலையும் மலரும் இடைவெளியின்றிப் பரந்து தடாகமாகின்றன. அந்த 'அலங்காரத்தை' நீக்குங்கள். மீனுக்கு நீரில்லை, மனிதனுக்கு வேலையில்லை! எழுத்து, சொல், பொருள், யாப்பு என எண்ணிய தமிழ், அணியையும் ஐந்தாம் இலக்கணமாக வைத்தது வீணுக்கன்று.

9ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயரைக் கல்வெட்டு காட்டுகிறது. தடாகத்தைத் தீட்டிய கரத்தின் பெயர்? கிடைக்கவில்லை.

இக்கால ஓவியத்துக்கு வருவோம். சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், எழுத்தையும் சாதகக் கட்டத்தையும் ஒத்த வடிவங்கள் திரையை நிறைக்கின்றன. அவ்வெழுத்தைப் படிக்க இயலாது. அக்கட்டத்தால் எவர் மணத்தையும் தடுக்கவும் இயலாது! ஆட்டிவைத்த கட்டம் அழகுக்கு அடங்கிற்று. 1966இல் அவர் தலைமையில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றே ஓவியர்கள் வயிறு வளர்த்தனர். 'வெறும்' அலங்காரம் உலை வைத்தது; 'உயர்ந்த' கலை உண்டு வளர்ந்தது!

தோழர்களே, அலங்காரம் எதைக் கண்டாலும் ஒரே கேள்வி கேட்போம்: அது மறைக்கிறதா, காட்டுகிறதா? மறைத்தால் கிழித்தெறிவோம். காட்டினால், தறியில் பிறந்தாலும் தரையில் பிறந்தாலும், கலை என்றே அழைப்போம். வாடிய முகத்தோடு குன்றிறங்கிய அந்த மாணவனுக்கு நாம் பட்ட கடன் அது.