உப்பு உதிரும் நிழல்

டாமரிஸ்க் புதரின் கிளை ஒன்றைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சவுக்கைப்போலச் சன்னமான தளிர். அதில் செதில் செதிலாய் ஒட்டிய இலை. இலைமேல் வெள்ளைப் பொடி. தூசி என்று நினைத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். நிலத்தடியிலிருந்து வேர் உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. ஒரு சுரப்பிக்கு எட்டே எட்டு செல். ராத்திரி ஈரத்தில் அந்தப் பொடி கசிந்து, சொட்டி, புதரின் காலடிக்கே வந்து சேர்கிறது.

சீனாவின் தக்லமக்கான் பாலைவனத்தில் இந்தப் புதர் காற்றில் வரும் மணலைப் பிடித்து மேடாக்கிக்கொள்ளும். மேட்டை வெட்டினால் ஒரு வரி மணல், ஒரு வரி சருகு, மறுபடி மணல். லோப் நூர் பக்கம் இந்த வரிகளை எண்ணியே பழைய காலத்துப் பருவநிலையைக் கணிக்கிறார்கள்.

எனக்குச் சுவாரசியம் அந்தச் சருகு வரியில்தான். உணவும் உப்பும் ஒரே இலையில் வந்து விழுகின்றன. வெறும் மணலில் பட்டினி கிடக்கும் நுண்ணுயிர்களுக்கு இங்கே நிழலும் உண்டு, சாப்பாடும் உண்டு. உப்பு மட்டும் ரொம்பத் தூக்கல்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்போம். இங்கே உப்பே தண்ணீரைக் குடிக்கிறது, செல்லுக்குள்ளிருந்து. மாவடு ஜாடியில் சுருங்குவதும் இதனால்தான். சுருங்காமலிருக்கச் சில பாக்டீரியாக்கள் எக்டோயின் என்ற சின்ன மூலக்கூறை உள்ளே நிரப்பிக்கொள்கின்றன. புரதங்களைத் தொந்தரவு செய்யாமல் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற சரக்கு. எகிப்தின் வாடி நட்ரூன் ஏரிப் பாக்டீரியா ஒன்றில் இருப்பதாக 1985இல் தெரியவந்தது. இன்று முகக் க்ரீம் வரைக்கும் வந்துவிட்டது.

சேர்ப்பதைவிடக் கொட்டுவதில்தான் நயம். ஆண்டுக்கு 50 மில்லிமீட்டர்கூடத் தேறாத இடத்தில் திடீரென்று ஒரு மழை. மண்ணின் உப்பு நீர்த்துப்போக, தண்ணீர் இப்போது செல்லுக்குள் பாய்கிறது. விட்டால் வெடித்துவிடும். சவ்வு விறைக்கிற விறைப்பிலேயே அதிலுள்ள நுண்கதவுகள் திறந்து, பார்த்துப் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் ஒரு நொடிக்குள் வெளியே விட்டுவிடுகின்றன. கதவைத் திறக்க யாரும் உத்தரவு போடுவதில்லை. கொட்டியதை அக்கம்பக்கத்து நுண்ணுயிர்கள் மேய்ந்துவிடும். மண் காய்ந்து உப்பு மறுபடி மேலேறும்போது, தப்பித்தவை முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கும். மேலே தளிர்களில் புதுப் பொடி பூத்திருக்கும்.