கையறுநிலையும் கபிலரின் வினையும்

சங்க இலக்கியத்தில் இறப்பின் துயரை ஆராய்வோர் பெரும்பாலும் கையறுநிலை என்னும் துறையின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றனர். தொல்காப்பியர் இத்துறையைக் காஞ்சித்திணையுள் வைத்தார். புறநானூற்றுக் கொளுக்குறிப்புகள் இதனைப் பொதுவியலில் அடக்கின. இவ்வேறுபாடு பலராலும் பேசப்பட்டதே. ஆனால் துறைப்பகுப்பு ஒரு மனிதரின் துயரைத் துண்டாக்கிவிடக்கூடும் என்பது போதிய கவனம் பெறவில்லை. பாரியை இழந்த கபிலரின் பாடல்கள் இதற்குத் தக்க சான்று.

கபிலரின் துயர் என்றதும் 236ஆம் பாடலே முன்னிறுத்தப்படுகிறது. தன்னுடன் வருவதை விலக்கி, 'நீ இரு' எனக் கூறிச் சென்ற பாரியை அது நொந்துகொள்கிறது; மறுபிறப்பிலேனும் பிரியாத நட்பை வேண்டி முடிகிறது. கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்விட்ட பிசிராந்தையாரின் வரலாறும் நினைவில் நிற்பதால், உடன் இறத்தலே நட்புத்துயரின் உச்சம் என்ற முடிவுக்குப் படிப்போர் விரைந்து வந்துவிடுகின்றனர். அவ்விரைவு கபிலருக்குப் பொருந்தாது. பாரி மாய்ந்த நாளுக்கும் கபிலர் வடக்கிருந்த நாளுக்கும் இடையே ஒரு நெடுவழி கிடக்கிறது.

அவ்வழியின் தொடக்கம் 113ஆம் பாடல். கள்ளும் ஊனும் குறையாது அளித்த பறம்பை விட்டு நீங்கும்போது பாடியது. 'கையற்று' என்னும் சொல்லே இப்பாட்டினுள் வருகிறது. அது எச்சம், அது கொண்டு முடியும் வினைமுற்றோ 'செல்கிறோம்' என்னும் பொருளுடையது. செயலற்றேன் என்பவர் அதே தொடரில் புறப்பட்டும்விடுகிறார். எங்கே? பாரி மகளிரை மணத்தற்கு உரியவரைத் தேடி. கையறுநிலைக்குச் 'செயலறுதல்' என்று பொருள் கூறி அமைவோர் இத்தொடரின் முடிபைக் கருதினால் தம் விளக்கத்தைச் சற்றே திருத்திக்கொள்ள நேரும்.

தொடர்ந்து வரவேண்டிய பாடல்கள் 200, 201, 202 ஆகியன. விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அம்மகளிரை ஏற்குமாறு கபிலர் வேண்டியவை. இவை பாடாண்திணையில் வைக்கப்பட்டமையால் இரங்கற்பாக்களைப் பற்றிய ஆய்வுகளில் இடம்பெறுவது அரிது. எனினும் 201ஆம் பாடலில் நிகழும் உறவுமாற்றம் எந்தக் கையறுநிலைப் பாடலுக்கும் குறைந்ததன்று. இவர்களின் தந்தைக்குத் தாம் தோழர் என்றும், ஆதலால் இவர்கள் தம் மகளிர் என்றும் கபிலர் கூறுகிறார். இறந்தவனோடிருந்த நட்பு இங்கே தந்தைமையாக உருமாறி நீடிக்கிறது. இரப்பு ஏற்கப்படாதபோது 202ஆம் பாடலில் எழும் சினமும் அத்துயரின் ஒரு முகமே. தம்மைப் பொறுத்தருளுமாறு கேட்பதுபோல் அமைந்த அதன் எள்ளல், புலவரை இகழ்ந்ததால் அழிந்த அரையத்தின் கதையை முன்வைத்துவிட்டுத்தான் விடைபெறுகிறது.

எலிசபெத் கூப்ளர் ராசு 1969இல் வெளியிட்ட ஐந்து படிநிலைகளை இத்தகைய பாடல்களுக்குப் பொருத்திப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அப்படிநிலைகள் சாவை எதிர்நோக்கிய நோயாளரிடமிருந்து பெறப்பட்டவை என்பதை மறத்தலாகாது. கபிலரிடம் சினமும் இரப்பும் கண்ணீரும் வரிசையில் வரவில்லை. ஒரு பொறுப்பைச் சுற்றியே அவை நிகழ்கின்றன.

கொளுக்குறிப்புகள் பிற்காலத்தன, அவற்றைக்கொண்டு வரலாறு கட்டலாமா எனும் தடை எழலாம். தடை நியாயமானதே. ஆனால் மணமுடிக்கும் நோக்கம் 113ஆம் பாடலின் மூலத்திலேயே உள்ளது. மேலும், மகளிரைப் பார்ப்பார்க்கு அளித்தபின் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது கொளு. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ பாரியின் மகளை மலையர்க்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது. மணந்தவர் யார், இறந்த முறை யாது என்பவற்றில் இவை முரண்படுகின்றன. மகளிர்க்கு வழிசெய்த பின்னரே கபிலர் இறந்தார் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இந்நிலையில் 236ஆம் பாடலின் நோதல் வேறொரு கனம் பெறுகிறது. 'இரு' என்ற சொல்லை அப்பாடல் நட்பின் குறையாகவே எடுத்துக்கொள்கிறது. இருந்து கபிலர் செய்தவற்றை அது ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. அவற்றைச் சொல்பவை வேறு திணையில் வைக்கப்பட்ட பாடல்கள்.

பாரி மகளிரின் துயர் இவ்வளவுகூடத் தொடர்வதில்லை. அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் எதிர்வைத்த 112ஆம் பாடலுக்குப் பின் அவர்கள் பேசுவதே இல்லை. விச்சிக்கோன் முன்னும் இருங்கோவேள் முன்னும் அவர்கள் சுட்டிக்காட்டப்படுகின்றனர், அவ்வளவே.