டாலடிப்பது எது?

நம் ஊர் நகைக்கடையில் வைரம் என்று வாய் திறந்தாலே ‘ஈ.எஃப்., வி.வி.எஸ்.’ என்பார்கள். ஈ, எஃப் நிறத்தின் தரம், வி.வி.எஸ். உள்மாசு அநேகமாக இல்லை என்பதற்கான தரம். இரண்டும் நல்லவைதான். ஆனால் இரண்டும் மண்ணுக்குள்ளேயே முடிவானவை. கல் டாலடிப்பது பட்டை தீட்டியவரின் கைவேலை. அதைப் பற்றித்தான் கடையில் யாரும் வாய் திறப்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

வைரத்துக்குள் நுழையும் ஒளி கடுமையாக வளைகிறது. ஒளிவிலகல் எண் 2.42. உள்ளிருந்து ஒரு முகத்தை ஏறத்தாழ 24.5 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் தொடும் கதிர் வெளியே போக முடியாமல் திரும்பிவிடும். பட்டைக்காரரின் வித்தை இதை நம்பித்தான் நடக்கிறது. மேலே நுழைந்த ஒளி அடிப்பட்டைகளில் இரண்டு முறை மோதி மறுபடி மேலேயே வந்து நம் கண்ணில் விழவேண்டும். ஆண்ட்வெர்ப்பின் வைரத் தொழில் குடும்பத்தில் பிறந்த மார்செல் தோல்கோவ்ஸ்கி 1919இல் இதற்குக் கணக்குப் போட்டு ஒரு சிறு நூல் எழுதினார்: மேல்பகுதியான கிரவுன் 34.5 பாகை, அடிப்பகுதியான பெவிலியன் 40.75 பாகை, உச்சியிலிருக்கும் டேபிள் கல்லின் அகலத்தில் 53 விழுக்காடு. நூறாண்டு கழித்தும் உருண்டைக் கல்லில் நல்ல பட்டை அந்த எண்களின் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. எனக்கு அது ஒரு கவிதைக்குச் சமானம்.

இந்த எண்களைப் பார்த்து வாங்க ஆன்லைன்தான் தோது. ஆன்லைனில் வைரமா, கண்ணால் பார்க்காமலா என்று கேட்பவர்கள் உண்டு. கடையின் கூரையில் பதித்த குட்டி விளக்குகளின் கீழே சுமாரான கல்லும் ஜொலிக்கும். அந்த வெளிச்சத்தில் கண்ணை நம்புவதுதான் ஆபத்து. ஆன்லைனில் கல்லின் கோணங்கள் சான்றிதழிலேயே இருக்கின்றன, சுழலும் வீடியோவும் இருக்கிறது. புதிதாக வாங்குபவருக்கு இதுவே வசதி என்பேன்.

முதலில் உருண்டைக் கல்லையே பாருங்கள். நீள்வட்டம், பேரிக்காய் வடிவங்களில் நடுவே வில் முடிச்சுப்போல ஒரு கருநிழல் விழும். அதை எடைபோடப் பழகிய கண் வேண்டும். சான்றிதழ் ஜி.ஐ.ஏ. என்ற ரத்தின ஆய்வு நிறுவனம் தந்ததாக இருந்தால், பட்டைக்கு ‘எக்ஸலன்ட்’ என்றிருப்பதோடு நிறைவடையாதீர்கள். அந்தத் தரத்தின் வாசல் அகலமானது. டேபிள் 54 முதல் 58, மொத்த ஆழம் 60 முதல் 62.5 விழுக்காடு, கிரவுன் 34 முதல் 35, பெவிலியன் 40.6 முதல் 41 பாகை என்று வடிகட்டுங்கள். கிரவுன் சற்று ஏறினால் பெவிலியன் சற்று இறங்கியிருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் தள்ளிவிடுங்கள். பட்டறையில் எடையைக் காப்பாற்ற ஒளியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கேரட் உருண்டைக் கல் 6.4, 6.5 மில்லிமீட்டர் விட்டம் காட்டவேண்டும். 6.1தான் என்றால் மிச்ச எடை வயிற்றில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து யாருக்கும் தெரியாத எடைக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள்.

பிறகு வீடியோ. இதுதான் ரசிக்கும் இடம். நேராகப் பார்க்கையில் எட்டுக் கரிய அம்புகள் ஒரே அளவில் விரிந்திருக்கும். கல் திரும்பத் திரும்பக் கறுப்பு வெளுப்பாகி, வெளுப்பு கறுப்பாகி இடம் மாறும். நல்ல கல்லில் அந்த மாற்றம் சொடுக்குப் போட்டதுபோல் நடக்கும், மந்தமான கல்லில் குழைந்து நழுவும். டேபிளைச் சுற்றி உட்புறம் வெளிறிய வளையம் தெரிந்தால் கல் மிகவும் தட்டை. நடு முழுதும் இருண்டே கிடந்தால் மிகவும் ஆழம். அறையின் பரவிய வெளிச்சத்தில் வெள்ளொளி மேலோங்கும். ஒற்றை விளக்கின் கீழோ மெழுகுவர்த்தி முன்போதான் சிவப்பும் பச்சையும் தெறிக்கும். வீடியோவில் வானவில் காணோமே என்று கலங்கவேண்டாம்.

தோஷம் பார்ப்பது நம் பழைய பழக்கம். சிலப்பதிகாரத்து மதுரைக் கடைவீதியிலேயே காகபாதம் முதலிய வைரக் குற்றங்கள் பேசப்படுகின்றன. கரும்புள்ளி வேண்டாம் என்பது நியாயம்தான். ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் மட்டும் தெரியும் மாசுக்குப் பயந்து வி.வி.எஸ்.ஸுக்குத் தரும் கூடுதல் பணம் டாலடிப்பில் ஒரு துளியும் சேர்க்காது. நிறத்தில் அடுத்த படிகளான ஜி, எச் கூட மோதிரத்தில் ஏறியபின் வெள்ளைதான்.

ஆய்வகத்தில் வளர்த்த கல்லுக்கும் இதே கோணங்கள், இதே கணக்கு. எதை வாங்கினாலும் சான்றிதழ் எண்ணை வழங்கியவர்களின் தளத்தில் சரிபாருங்கள். கல்லின் இடுப்பில் லேசரில் பொறித்த எண் இருந்தால் அதுவும் பொருந்தவேண்டும். திருப்பித் தரும் உரிமை எழுத்தில் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

கையில் உள்ள பணத்துக்கு, மங்கலான ஒரு கேரட்டைவிட ஜி நிறம், வி.வி.எஸ்.ஸுக்குக் கீழ்ப்படியான வி.எஸ்.2, கிரவுன் 34.5, பெவிலியன் 40.8 கொண்ட 75 சென்ட் (முக்கால் கேரட்) கல்லையே நான் எடுப்பேன்.