குற்றச் செய்தியும் ஐந்து வினாக்களும்

ஐக்கிய அமெரிக்க நகரங்களின் தொலைக்காட்சி நிலையங்கள் பல, மாலைச் செய்தியைக் கொலையிலோ கொள்ளையிலோ தொடங்குதல் நெடுநாள் வழக்கம். 1990களில் அந்நாட்டில் வன்குற்றம் குறையத் தொடங்கிய பின்னரும் இவ்வழக்கம் தளர்ந்திலது. இதற்குக் காரணம் குற்றத்தின் பெருக்கம் அன்று. செலவின் சுருக்கமே எனலாம். பொலிசாரின் வானொலியைச் செவிமடுத்துப் படப்பிடிப்பாளர் ஒருவரை அனுப்பினால் இரவுக்குள் செய்தி ஆயத்தம். நகரசபையின் வரவு செலவை ஆராயவோ பல நாள் வேண்டும். காட்டுதற்குப் படமும் இராது.

மிகுதியாகத் தொலைக்காட்சி காண்போர் உலகை உள்ளதிலும் கொடியதாகக் கருதுவர் என்பது பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் கேர்ப்னரின் முடிபு.

1996இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரின் கே.வி.யூ.ஈ. நிலையம் குற்றச் செய்திக்கு ஐந்து வினாக்களை உரைகல்லாக்கியது. மக்கள் செய்யவேண்டியது யாதேனும் உண்டா? பொதுமக்களுக்கு ஆபத்து உளதா? சிறுவர்க்கு உளதா? நிகழ்ச்சி சமூகத்தைப் பெரிதும் பாதிக்குமா? குற்றத்தைத் தடுக்க அச்செய்தி உதவுமா? ஒன்றற்கேனும் 'ஆம்' என்ற விடை வேண்டும்.

தேர்வுக்குக் காரணம் காட்டும் கடப்பாட்டைச் செய்தியாளர் தாமே ஏற்றமை பாராட்டத்தக்கது. பிற நிலையங்கள் கடிகாரத்தையன்றி வேறெதற்கும் விடையிறுத்தில. ஆயினும் நான்காம் வினா இடர்ப்பாடுடையது. சமூகம் என்பது எவரை? இவ்வினாக்கள் நிகழ்ச்சிகளைத் தனித்தனியே நிறுப்பன. ஏழைக் குறிச்சியொன்றில் ஓராண்டில் பத்துக் கொலை நிகழின், ஒவ்வொன்றும் அயலார் இருவரின் பூசல் எனத் தள்ளப்படலாம். பத்தும் சேர்ந்தே செய்தியாகும்; அதனைக் கேட்கும் ஆறாம் வினா அங்கு இல்லை.