சான்றாகத் திரும்பும் பிழை: இணையக் கலைக்களஞ்சிய வாழ்க்கைக் குறிப்புகள்

இணையக் கலைக்களஞ்சியத்தின் பிழைகளை நாளடைவில் பயனர்களே திருத்திவிடுவர் என்பது பொதுவான வாதம். பிழை தோன்றிய பக்கத்திலேயே தங்கியிருந்தால் இவ்வாதம் ஓரளவு பொருந்தும். வாழ்க்கைக் குறிப்புகளிலோ பிழை அங்கே தங்குவதில்லை.

அமெரிக்க இதழாளர் ஜான் சீகென்தாலருக்குக் கென்னடி சகோதரர்களின் கொலைகளில் தொடர்பிருந்ததாக ஐயுறப்பட்டது என்னும் பொய், 2005 மே மாதம் விக்கிப்பீடியாவில் ஏறி நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அவர் உயிருடன் இருந்தமையால் அதனை நாளேட்டில் எழுதி மறுக்க முடிந்தது. மறைந்தோர்க்கு அவ்வாய்ப்பில்லை. பிரித்தானிய இசையமைப்பாளர் ரோனி ஹேசில்ஹர்ஸ்ட் 2007 அக்டோபரில் காலமானபோது, எஸ் கிளப் 7 குழுவின் 'ரீச்' பாடலை அவர் இணைந்து எழுதினார் என நாளேடுகள் இரங்கற் குறிப்புகளில் வெளியிட்டன. விக்கிப்பீடியாவில் எவரோ சேர்த்திருந்த பொய் அது.

இங்கேதான் சிக்கல் முதிர்கிறது. கலைக்களஞ்சியத்திலிருந்து பெற்ற செய்தி அச்சேறியபின், அதே கலைக்களஞ்சியத்திற்கு அது அடிக்குறிப்பாகத் திரும்ப முடியும். அந்நிலையில் சான்றின்மை என்னும் குறை மறைந்து, பிழை மெய்யின் தோற்றம் கொள்கிறது.

எனவே அடிக்குறிப்பு உண்டா என்று மட்டும் நோக்குதல் போதாது. குறிப்பிட்ட வரி சேர்க்கப்பட்ட நாளைத் திருத்த வரலாற்றில் கண்டு, சான்று அதற்கு முந்தியதா எனச் சரிபார்த்தல் வேண்டும். பிந்தியதாயின் அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது. தமிழ் எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் ஆய்வாளர்க்கும் இதுவே நெறி. முதற்பதிப்பு, சமகால இதழ், கடிதம் ஆகியவற்றுக்குச் செல்லாத ஆய்வேடு, அப்பிழைக்கு மற்றுமோர் அடிக்குறிப்பாகவே முடியும்.