ஏழு சதவீதம்: தடம் மாறிய ஒரு சூத்திரம்

அலுவலகங்களில் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' பயிற்சி என்று ஒன்று நடக்கும். எத்தனையோ முறை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். யார் வந்து நடத்தினாலும் ஒரு ஸ்லைடு மட்டும் மாறவே மாறாது. மனிதர்களுக்கு இடையிலான தொடர்பில் சொற்களின் பங்கு 7%, குரலின் பங்கு 38%, முகம் மற்றும் உடல்மொழியின் பங்கு 55%. கீழே ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்று ஒரு பெயர். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருநாள் தேடப் போனேன்.

மெஹ்ராபியன் அமெரிக்க உளவியல் பேராசிரியர். அவர் சகாக்களோடு சேர்ந்து எழுதிய இரண்டு கட்டுரைகள் 1967-ல் வெளிவந்தன. முதல் சோதனையில் ஒன்பது தனித்தனிச் சொற்கள். அன்பாக மூன்று, பொதுவாக மூன்று, கடுமையாக மூன்று. அவற்றை வெவ்வேறு தொனியில் பேசிப் பதிவு செய்து, பேசுகிறவர் மனதில் இருப்பது பிரியமா வெறுப்பா என்று கேட்டார்கள். சொல்லைவிடத் தொனியே ஜெயித்தது. இரண்டாவது சோதனையில் ஒரே ஒரு சொல்: 'மேபி'. நம்ம ஊர் 'பார்க்கலாம்' மாதிரி. அதை மூன்று தொனிகளில் ஒலிக்கவிட்டு, கூடவே முகங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். முகத்துக்கும் குரலுக்கும் கிடைத்த எடை ஏறக்குறைய 3:2.

இந்த இரண்டையும் ஒட்டவைத்ததுதான் 7-38-55. சொல், குரல், முகம் மூன்றையும் ஒரே சோதனையில் மாற்றிப் பார்க்கவே இல்லை. முழு வாக்கியமும் கிடையாது, உரையாடலும் கிடையாது. ஒரு குறுகிய எல்லைக்குள் பொருந்திய சமன்பாட்டை எல்லா இடத்துக்கும் நீட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மெஹ்ராபியனே, இது விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறார். ஸ்லைடில் அந்த வரி மட்டும் காணோம்.

அதில் உண்மையே இல்லையா? இருக்கு. "எனக்கொண்ணும் கோவமில்ல" என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் நாம் நம்புவது பல்லைத்தான். சொல்லும் தொனியும் முரண்படும்போது தொனி பக்கம் சாய்கிறோம். ஆனால் அதிலிருந்து 'சொல்லுக்கு மதிப்பில்லை' என்று போவது பெரிய தாவல்.

தமிழைப் பாருங்க. 'வந்தான்' என்பது செய்தி. 'வந்து தொலைஞ்சான்' என்பது எரிச்சல். 'வா', 'வாங்க', 'வாடா', 'வாயேன்' எல்லாம் ஒரே அழைப்புதான், ஆனால் நாலும் நாலு உறவு. 'பெரிய கிழி கிழிச்சான்' என்பதைக் காகிதத்தில் படித்தாலும் யாரும் பாராட்டு என்று நினைக்கப் போவதில்லை. குரலும் வேண்டாம், முகமும் வேண்டாம். உணர்ச்சி இலக்கணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது ஆங்கிலச் சொற்களை வைத்துச் செய்த சோதனையில் இது எப்படித் தெரியும்?

இதைவிட எனக்குப் பயன்பட்டது, ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு. நக்கலாகவும் நிஜமாகவும் சில வாக்கியங்களை ஈமெயிலிலும் குரலிலும் அனுப்பச் சொன்னார்கள். எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தது, இரண்டிலுமே சுமார் 78%. குரலில் 73% தேறியது. ஈமெயிலில் 56%, அதாவது காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். எழுதும்போது நம் தொனி நம் காதில் கேட்கிறது. படிப்பவருக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

இது எனக்கே நடந்தது. ஒரு இளைஞரின் நிரலைப் பார்த்துவிட்டு "இது எதுக்கு?" என்று எழுதினேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டது. அவர் திட்டியதாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எழுத்துன்னாலே அப்படித்தான், வெறும் 7%தானே" என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், "இது எதுக்குன்னு எனக்குப் புரியல, சொல்றீங்களா?" என்று எழுதியிருக்கலாம். கூடுதலாக மூன்று சொற்கள், அவ்வளவுதான்.

அந்த ஸ்லைடின் மேல் என் கோபம் இதனால்தான். எண் தப்பு என்பதுகூடப் பரவாயில்லை. சொற்களைப் பார்த்து எழுதாததற்கு அது நமக்கு ஒரு சாக்கைக் கொடுத்துவிடுகிறது.